முதல் டிகாக்ஷன் யாருக்கு?

கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பியைப் பற்றிப் பேச ஒரே ஒருவனுக்குத்தான் யோக்யதை உண்டு. அடியேன்தான் அந்த ஒருவன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

ஊர் முழுக்க சாயா, அதாவது டீ, குடிக்கிறது. மழை வந்தால் சாயா, மழை விட்டால் சாயா, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சாயா. இத்தனைக்கும் நடுவில், செர்லாயில் குடியிருந்துகொண்டு, ஃபில்டர் காப்பியைக் கைவிடாத குடும்பம் என்னுடையது. எனக்கு வேலை கொச்சங்காடியில், சுக்கு மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். பகல் முழுவதும் மிளகு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து தும்முகிறவன் நான். ஆனாலும் என் மூக்குக்கு ஒரு குறைவும் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே கலப்பது முதல் டிகாக்ஷனா இரண்டாம் டிகாக்ஷனா என்று சொல்லிவிடுவேன். சொல்லியும் இருக்கிறேன், பல வீடுகளில். அந்த வீடுகளில் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபில்டரில் பொடியைப் போட்டு முதல் தடவை வெந்நீர் விட்டால், சொட்டுச் சொட்டாக, கறுப்பாக இறங்குகிறதே, அது முதல் டிகாக்ஷன். அது வீட்டு எஜமானருக்கும் வந்த விருந்தாளிக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டால் இறங்குவது இரண்டாவது. அது வீட்டு அம்மாளுக்கு. இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்களவர் வீடுகளில் அப்படித்தான்.

போன வாரம் சிவராமகிருஷ்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. எங்கள் சமாஜத்தின் காரியதரிசி.

"வெங்கிடாசலம் ஸார், ஞாயித்துக்கிழமை காலம்பற சமாஜத்துல காப்பியைப் பத்தி நீங்க ஒரு பிரசங்கம் பண்ணணும்."

"அதுக்கென்ன, பேஷா பண்ணிடலாம். காப்பிச் செடியை முதமுதல்ல கண்டுபிடிச்ச ஆடு மேய்ச்சவன் கதையிலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

"எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிங்கோ. முடிக்கறச்சே மேடையிலேயே காப்பி போட்டுக் காட்டணும். அதாக்கும் முக்கியம்."

ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"போட்டுக் காட்டறதா? நானா?"

"பின்னே? உங்காத்துல காப்பி யாரு போடறா?"

இந்த இடத்தில் ஒரு யோக்யன் என்ன சொல்லியிருப்பான்? உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது இது:

"யாரா? நான்தான். டெய்லி நான்தான் போடறேன். திரிபுரசுந்தரிக்கு அந்தப் பதம் இன்னும் கைக்கு வரல்லை, பாவம்."

அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்த தைரியத்தில்தான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான், மிக்ஸி நின்று கொஞ்ச நேரமாகிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. மெல்ல எட்டிப் பார்த்தேன். என் தர்மபத்தினி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் தெரியாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டவன் நான். அன்றைக்கு ஏனோ மறந்துவிட்டது.

"யாராக்கும் ஃபோன்ல?"

"சிவராமகிருஷ்ணன். காப்பியோட சரித்திரத்தைப் பத்தி சமாஜத்துல நான் பேசணுமாம்."

"சரித்திரம்தானே? பேசுங்கோ, பேசுங்கோ. பேசறதுக்கு உங்களை விட்டா ஆரு?"

நிம்மதியாக மூச்சு விட்டேன். அன்று விட்டதுதான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரையில் மூச்சே சரியாக வரவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குக் காப்பி போடத் தெரியாது. குடிக்கத் தெரியும், குறை சொல்லத் தெரியும். அதன் பூர்வோத்தரம் முழுக்கத் தெரியும். யேமன் தேசத்திலிருந்து பாபா புடன் என்ற பெரியவர் ஏழு விதையை மடியில் ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்று சொல்வார்களே, அவர் வந்த வழி எனக்கு அத்துப்படி. ஃபில்டரின் மேல் பாத்திரத்திலிருந்து கீழ்ப் பாத்திரத்துக்குக் காப்பி வரும் வழிதான் தெரியாது.

சமாஜத்தில் குட்டு வெளிப்பட்டால் அன்றோடு போகாது. யார் வீட்டுச் சீமந்தம், யார் வீட்டு சஷ்டியப்த பூர்த்தியானாலும், பந்தியில் உட்கார்ந்தவுடனே ஒருவன் ஆரம்பிப்பான்: "வெங்கிடாசலம் ஸார், காப்பி நீங்க போடறேளா?" பெண்டாட்டியிடமே கேட்டுக் கற்றுக்கொள்வதுதானே என்பீர்கள். கேட்டால், "எதுக்காக்கும்?" என்பாள். எதுக்கு என்று சொன்னால், அவளைப் பற்றி நான் ஃபோனில் சொன்னதையும் சொல்ல வேண்டிவரும். அதற்கு சமாஜமே தேவலை.

மறுநாள் கம்பெனிக்குப் போகும் வழியில் இசக்கிமுத்துவின் கடையில் நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சங்காடியில் சாயாக்கடை வைத்திருக்கிறவன்.

"இசக்கிமுத்து, ஒரு சந்தேகம். நல்ல காப்பி எப்படிப் போடறது?"

"காப்பியா? சாமி, இந்த ரோட்டுல காப்பின்னு கேக்க ஒரே ஆளு நீங்கதான். பாக்கெட்டைக் கிழிக்க வேண்டியது, பால்ல போட வேண்டியது, ஒரு ஆத்து ஆத்த வேண்டியது. சோலி முடிஞ்சுது."

"அது இன்ஸ்டன்ட் பொடி! அதைப் போய் காப்பின்னு சொல்லலாமா? நான் கேக்கறது ஃபில்டர்."

"அப்பிடின்னா வீட்டுல அம்மாட்ட கேளுங்க சாமி. அவுகளுக்குத் தெரியாததா?"

"அவகிட்ட கேக்கப்படாதுன்னுதானே உன்கிட்ட வந்தேன்!"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "சண்டையா சாமி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு, ஒரு சாயாவை நீட்டினான். "குடிங்க. எல்லாம் சரியாப் போயிரும்." குடித்தேன். ஒன்றும் சரியாகப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரிபுரசுந்தரி கோயிலுக்குப் போனாள். கதவைத் தாளிட்டேன். ஃபில்டரை இறக்கினேன். இரண்டு பாத்திரம், ஒரு மூடி, குடை மாதிரி ஒரு அமுக்கி. இவ்வளவுதானே! பொடியைப் போட்டேன். அமுக்கியால் அமுக்கினேன். போதாதோ என்று இன்னும் அமுக்கினேன். வெந்நீர் விட வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. கடைசியில் எப்படியும் பால்தானே கலக்கப்போகிறோம்? வெந்நீருக்குப் பதில் கொதிக்கும் பாலையே விட்டுவிட்டால் ஒரு வேலை மிச்சம் இல்லையா? ஆடு மேய்த்தவன் காலத்திலிருந்து ஒருவனுக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாலை விட்டேன். காத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தட்டினேன், குலுக்கினேன், மேலே வாயை வைத்து ஊதினேன். பால் என் மூக்குக்கு வந்தது. கீழே வரவில்லை. சரி, கொஞ்சம் சூடு காட்டினால் இளகும் என்று ஃபில்டரை அப்படியே அடுப்பில் வைத்தேன். வாசல் மணி அடித்தது.

நான் ஃபில்டரைக் கழுவித் துடைத்து, ஜன்னலைத் திறந்து, வேஷ்டியால் விசிறி, கதவைத் திறப்பதற்குள் அவள் மணியை மூன்று தடவை அடித்துவிட்டாள்.

"என்ன வாசனையாக்கும் இது?"

"எது?"

"பால் கருகின வாசனை."

"பக்கத்தாத்துலேர்ந்து வரதாயிருக்கும். கனகாம்பாள் மாமிக்கு அடுப்புல கவனமே இல்லை."

"மாமி என்கூடதானே கோயில்லேர்ந்து வந்தா? தோ, இப்பத்தான் பூட்டைத் திறக்கறா."

"அப்போ எதிர்த்தாத்துலேர்ந்து..."

"எதிர்த்தாம் பூட்டிக் கிடக்கு. அவா துபாய் போயாச்சு."

அவள் அடுக்களைக்குள் போனாள். ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஃபில்டர் கண்ணெல்லாம் அடைஞ்சிருக்கே! நீங்க ஏதானும் தொட்டேளா?"

"நானா? ஃபில்டரையா? நான் எதுக்குத் தொடறேன்?"

"அதானே. நீங்க எதுக்குத் தொடறேள்?" என்று சொல்லிவிட்டு, ஒரு ஊசியை எடுத்து ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு குத்தும் எனக்கு விழுவதாக இருந்தது.

இனி ஒரே வழிதான். அவள் போடும்போது ஒளிந்திருந்து பார்ப்பது. சனிக்கிழமை விடிகாலையில், அவள் எழுந்த கையோடு நானும் எழுந்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன். பொடியைப் போட்டாள். லேசாக அமுக்கினாள். வெந்நீரை விட்டாள். டிகாக்ஷன் இறங்கட்டும் என்று கோலம் போடப் போய்விட்டு வந்தாள். இதுவரை சரி. அப்புறம் நடந்ததைத்தான் எப்படிச் சொல்வேன்!

முதல் டிகாக்ஷனை ஒரு டம்ளரில் விட்டாள். பாலைக் கலந்தாள். நுரை பொங்க ஆற்றினாள். ஆகா, எனக்குத்தான் என்று நான் படுக்கைக்கு ஓடத் தயாரானேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தானே குடித்தாள். அவசரமே இல்லை. கடைசிச் சொட்டு வரையில் ரசித்துக் குடித்தாள். பிறகு எழுந்தாள். அதே பொடியில் மறுபடி வெந்நீரை விட்டாள். அந்த இரண்டாவதை என் டம்ளரில் கலந்தாள்.

நான் படுக்கையில் போய் விழுந்தேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. காப்பி."

வாங்கிக் குடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து குடித்துவருகிற அதே ருசி. ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அடிவயிற்றில் கத்தியைப் பாய்ச்சியது. எத்தனை வீட்டு வாசலில் நின்று, "இது ரெண்டாம் டிகாக்ஷன்" என்று மூக்கைச் சுளித்திருக்கிறேன்! உண்மையில் அங்கெல்லாம் எனக்குக் கொடுத்தது முதலாவதாகத்தான் இருந்திருக்கும். நான் பழகிய ருசியாக இல்லையே என்றுதான் சுளித்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நன்னா இருக்கு."

"முதல் டிகாக்ஷனோல்லியோ!" என்றாள், ஒரு தசைகூட அசையாமல்.

கத்த வேண்டும் போலிருந்தது. எப்படிக் கத்துவது? கதவுக்குப் பின்னால் என்ன செய்தேள் என்று கேட்பாளே! அன்று பகல் முழுவதும் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தேன். சாயங்காலத்துக்குள் திட்டம் தயார். மேடையில் ஃபில்டரில் பொடி போடுவது, வெந்நீர் விடுவது. "இது இறங்க நேரமாகும், இதோ ஆத்திலேயே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஃபிளாஸ்க்கைத் திறப்பது. ஃபிளாஸ்க்கில் இருக்கப்போவது திரிபுரசுந்தரியின் முதல் டிகாக்ஷன்! அவள் கோலம் போடும் நேரத்தில் அதைக் களவாடிவிட்டு, அதே பொடியில் வெந்நீரை விட்டு வைத்துவிட வேண்டும். அவள் இரண்டாவதைக் குடிக்கட்டும். சமாஜத்தில் மானமும் பிழைக்கும், வீட்டில் பழியும் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வாசலில் அவள் குரலும் கனகாம்பாள் மாமியின் குரலும் கேட்டன. மாமி பேச ஆரம்பித்தால் பூக்கோலமே போட்டு முடிக்கலாம். அடுக்களைக்குள் நுழைந்தேன். என்னமோ, விருந்தாளி வந்தால் எடுக்கிற பெரிய ஃபில்டர் அன்றைக்கு அடுப்பு மேடையில் இருந்தது. நிறைய டிகாக்ஷன்! தெய்வம் என் பக்கம்தான் என்று நினைத்தேன். அவசரமாகக் கவிழ்த்தேன். கொஞ்சம் வேஷ்டியில் கொட்டியது. மீதியை ஃபிளாஸ்க்கில் விட்டு, ஃபில்டரில் வெந்நீரை ஊற்றி, மூடியை வைத்து, ஃபிளாஸ்க்கைக் கம்பெனிப் பையில் திணித்து, படுக்கையில் போய் விழுந்து, குறட்டையும் விட்டேன்.

அவள் உள்ளே வந்தாள். திறந்து விட்டிருந்த அடுக்களைக் கதவின் வழியே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கலந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எனக்குக் குறட்டை நின்றுவிட்டது. ஆனாலும் கீழே வைக்கவில்லை. முழுவதையும் குடித்தாள். ஜெயித்துவிட்டேன்!

பிறகு எழுந்து, அதே பொடியில் மறுபடி வெந்நீரை விட்டாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வந்தது மூன்றாம் டிகாக்ஷன். காப்பியின் நிறம்கூட இல்லை. காப்பி போட்ட பாத்திரத்தைக் கழுவிய ஜலம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"பேஷா இருக்கு," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சமாஜத்து ஹாலில் நல்ல கூட்டம். முதல் வரிசையில் திரிபுரசுந்தரி, பக்கத்தில் கனகாம்பாள் மாமி. மாமிக்கு முன்னால் காப்பி கலப்பது என்பது வாத்தியார் முன்னால் மந்திரம் சொல்வது மாதிரி. ஆனாலும் சரித்திரம் என்னைக் கைவிடவில்லை. செடியைத் தின்றுவிட்டுத் துள்ளிய ஆடுகளைச் சொன்னேன். யேமனைச் சொன்னேன். ஏழு விதையைச் சொல்லும்போது, பெரியவர் மடியில் ஒளித்தது போலவே என் வேஷ்டி மடிப்பில் கையை வைத்துக் காட்டினேன். கைதட்டினார்கள்.

அப்புறம் செய்முறை. பொடி போட்டேன், அமுக்கினேன், வெந்நீர் விட்டேன். திட்டப்படி ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். பாலைக் கலந்து முன்வரிசைக்குக் கொடுத்தேன். மாமி ஒரு வாய் குடித்தாள். ஹால் முழுக்க மாமியின் வாயைப் பார்த்தது.

"கள்ளிச்சொட்டு!" என்றாள் மாமி. "வெங்கிடு, பேஷ்! சிக்கரி எத்தனை போடறாய்?"

செத்தேன். சிக்கரி பிரெஞ்சு தேசத்தில் எப்படிப் பரவியது என்று கேட்டால் சொல்வேன். என் வீட்டுப் பொடியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? திரிபுரசுந்தரியைப் பார்த்தேன். அவள் சாவகாசமாக இரண்டு விரலால் கன்னத்தைச் சொறிந்துகொண்டாள்.

"நூத்துக்கு... இருபது."

"அதானே பார்த்தேன். சரியான பங்கு!"

எனக்குப் போன உயிர் வந்தது. அது தங்குவதற்குள் மாமி மேடையேறி, நான் போட்ட ஃபில்டரைத் திறந்துவிட்டாள்.

"இதென்னடா இது? ஒரு சொட்டு இறங்கல்லியே! இப்படியா இடிச்சு அமுக்குவா?"

ஹாலில் ஒருவன் கிளுக்கென்றான். அவ்வளவுதான், என் மானம் கொச்சிக் காயலில் என்று நான் நினைத்தபோது திரிபுரசுந்தரி எழுந்தாள்.

"மாமி, அவர் மேல தப்பில்லை. இத்தனை பேரைப் பார்த்து அவருக்குப் பதட்டம். ஆத்துல டெய்லி இவர்தான் போடறார். நேக்கு அந்தப் பதம் இன்னும் கைக்கு வரல்லை, பாவம்."

என் பெண்டாட்டி! இப்பேர்ப்பட்டவளுக்கா இரண்டாம் டிகாக்ஷனைக் கொடுத்துப் பழி தீர்த்தேன்! கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

"நீ குடுத்து வெச்சவடி!" என்றாள் மாமி. பின்வரிசைப் பெண்கள் தங்கள் தங்கள் புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம் மாமி. நான் கண் முழிக்கறதுக்கு முன்னாடி கையில காப்பியைக் கொண்டுதந்துடுவார். நம்பல்லைன்னா நாளைக்குக் காலம்பற நீங்களே வந்து பாருங்கோ. டெய்லி வந்தாலும் சந்தோஷம்தான்."

"வராம இருப்பேனா? பக்கத்தாம்தானே! டெய்லி வரேன்."

"நானும் காலம்பற நடக்கப் போறச்சே எட்டிப் பார்க்கறேன் ஸார்," என்றார் சிவராமகிருஷ்ணன். பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்குத் தட்டுகிறேன் என்று பாதியில்தான் புரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவள் வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனை கரண்டி, எப்படி அமுக்குவது, வெந்நீர் எவ்வளவு.

"பாலை விட்டுடாதேங்கோ. வெந்நீர், கேட்டேளா?"

"கேட்டேன்."

"அலாரம் நான் வெச்சுத் தரேன்."

"சரி சுந்தரி. ஆனா... அந்த முதல் டிகாக்ஷன்..."

"நேக்கும் மாமிக்கும். சிவராமகிருஷ்ணன் ஸார் வந்தா அவருக்கும்."

"அப்போ ரெண்டாவது நேக்கா?"

"அதை எடுத்து வெச்சுடுங்கோ. மத்தியானம் நேக்கு வேணும்."

"பின்னே நேக்கு மூணாவதா? அதை மனுஷன் குடிப்பானாடி?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னிக்குக் காலம்பற குடிச்சுட்டுப் பேஷா இருக்குன்னு சொன்னேளே!"